குழாயில் விந்தணு இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? ஒரு மீள்இணைப்பு அறுவையின் நிகழ்வு ஆய்வு

வாசக்டமி (விந்துக்குழாயை அறுத்துக் கட்டும் ஆண் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை) செய்துகொண்ட ஒருவர் பல வருடம் கழித்து அறுத்த குழாயை மறுபடி இணைக்க வேண்டும் என்று வருகிறார். அநேகமாக அவர் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் வெற்றி?" என்றுதான். அந்தக் கேள்வி ஆளைத் திசைதிருப்பிவிடுகிறது என்பது என் அனுபவம். அதற்குக் கிடைக்கும் பதில் எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். கேட்டவர் நிம்மதியாகி மற்றதை விசாரிக்காமல் விட்டுவிடுவார்.

கீழே வரும் தம்பதி ஒரே ஒரு தம்பதி அல்ல. இந்த முடிவை எடுக்க வருபவர்களிடம் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. மருத்துவ விவரங்களும் கீழே சொல்லும் பழைய ஆய்வின் எண்களும் உள்ளபடியே இருக்கின்றன.

நிகழ்வு

அவருக்கு வயது 43. முதல் மனைவியோடு இரண்டு குழந்தைகள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வாசக்டமி செய்துகொண்டார். அது நடந்து 11 வருடம். இடையில் மனைவி இறந்துபோனார். பிறகு மறுமணம். இப்போதைய மனைவிக்கு 34 வயது, இதுவரை கருத்தரித்ததில்லை. இருவரும் ஒரு குழந்தையாவது வேண்டும் என்று விரும்பினார்கள். அவர் கூச்சத்தோடு பேசினார். கேள்வி கேட்டதெல்லாம் மனைவிதான். இந்த நிகழ்வில் பல நல்ல முடிவுகளுக்கு அந்தக் கேள்விகள்தான் காரணம்.

முதல் மருத்துவர்

முதலில் போனது குடும்பத்துக்குப் பழக்கமான பொது அறுவை மருத்துவரிடம். நல்ல கை. குடலிறக்கம், பித்தப்பை எல்லாம் வருடக்கணக்கில் செய்து பேர் வாங்கியவர். வாசக்டமியும் நிறையச் செய்திருக்கிறார். "வெட்டத் தெரிந்தவனுக்கு ஒட்டத் தெரியாதா? ஒரு மணி நேர வேலை," என்றார். கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப் வைத்துச் செய்வதாகவும் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படிச் சேர்த்து விந்தணு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெட்டுவதும் ஒட்டுவதும் வேறு வேறு வேலை. விந்துக்குழாயை விரலால் உருட்டினால் கெட்டியான கயிறுபோலத் தெரியும். வெளிவிட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். விந்தணு போகிற உள்துளையோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. வெட்டிக் கட்டும்போது அந்தத் துளை எங்கே இருக்கிறது என்றே பார்க்க வேண்டியதில்லை. சேர்க்கும்போது இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். சவ்வோடு சவ்வு சேர வேண்டும், விந்து கசியக்கூடாது. இழுத்துக் கட்டினதாகவும் இருக்கக்கூடாது, இழுபட்டால் அந்த இடம் தழும்பாகி மூடிக்கொள்ளும். இதற்குப் பயன்படும் 10-0 நைலான் நூல் தலைமுடியைவிட மெல்லியது. லூப் சில மடங்குதான் பெரிதாக்கும். அறுவை மைக்ரோஸ்கோப் 20, 25 மடங்கு வரை பெரிதாக்கும். 1970களில் ஆஸ்திரேலியாவில் ஏர்ல் ஓவனும் அமெரிக்காவில் ஷெர்மன் சில்பரும் இந்த அறுவைக்கு மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகுதான் இது நம்பிப் போகக்கூடிய சிகிச்சையாக மாறியது.

"ஒரு மணி நேரம்" என்ற சொல் எனக்கு அப்போதே உறுத்தியது. இரண்டு பக்கத்தையும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒழுங்காகச் சேர்க்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சிக்கல் இருந்தால் அதற்கும் மேல். ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்றால் ஏதோ ஒரு படி விடுபடுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது மருத்துவர்

இவர் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர், மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் செய்கிறார். உட்கார்ந்ததும் "95 சதவீதம்" என்றார். கணவர் முகம் மலர்ந்துவிட்டது. மனைவி கேட்டார்: "95 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறக்குதா டாக்டர்?"

இல்லை. விந்துப் பரிசோதனையில் விந்தணு தென்பட்டவர்களைத்தான் அவர் சொன்னார். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "வெற்றி" என்ற ஒரே சொல் இந்தத் துறையில் நான்கைந்து பொருளில் புழங்குகிறது. ஒரே ஒரு விந்தணு தெரிந்தாலும் வெற்றி என்பவர் உண்டு. நகரும் விந்தணு வேண்டும் என்பவர் உண்டு. கருத்தரிப்பைக் கணக்கிடுபவர் உண்டு, பிறந்த குழந்தையைக் கணக்கிடுபவரும் உண்டு. எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேட்காமல் எண்ணை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஆய்வு 1991இல் வெளியானது. அமெரிக்காவின் வாசோவாசாஸ்டமி (குழாயோடு குழாய் சேர்க்கும் அறுவை) ஆய்வுக் குழு, ஐந்து மையங்களில் மைக்ரோஸ்கோப் அறுவை செய்துகொண்ட 1,469 ஆண்களைத் தொகுத்தது. வாசக்டமி செய்து மூன்று வருடத்துக்குள் வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது, 76 சதவீதத் தம்பதிகள் கருத்தரித்தார்கள். 3 முதல் 8 வருடம் என்றால் 88, 53. 9 முதல் 14 வருடம் என்றால் 79, 44. 15 வருடத்துக்கு மேல் 71, 30. நம் தம்பதி மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். 95ஐ ஒட்டிய எண் முதல் வரிசைக்காரர்களுடையது.

இதே ஆய்வில் நான் எல்லோருக்கும் சுட்டிக்காட்டும் இன்னொரு விஷயம் உண்டு. முதல்முறையாக மீள்இணைப்பு செய்துகொண்டவர்கள் 1,247 பேர். அதில் அறுவைக்குப் பின் விந்துப் பரிசோதனை கிடைத்தது 1,012 பேருக்கு. கருத்தரிப்பு பற்றிய தகவல் 810 தம்பதிகளிடமிருந்துதான். மீதிப்பேர் என்ன ஆனார்கள் என்பது கணக்கிலேயே இல்லை. இவ்வளவு பெரிய, நேர்மையான ஆய்விலேயே இப்படி என்றால், தனி ஒரு மருத்துவர் வாயால் சொல்லும் சதவீதத்தில் திரும்பி வராதவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத்தானே வேண்டும்.

சரி, இரண்டாவது மருத்துவரிடம் மனைவி அடுத்ததாகக் கேட்டதுதான் முக்கியம். எங்கோ படித்துக் குறித்து வைத்திருந்தார். "குழாயைத் திறந்து பார்க்கும்போது உள்ளே விந்தணுவே இல்லைன்னா என்ன செய்வீங்க?"

அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். "பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டாலும் குழாயைச் சேர்த்துவிடுவேன். வரவில்லை என்றால் அப்புறம் வேறு ஒருவரிடம் இரண்டாவது அறுவைக்கு அனுப்புவேன். எபிடிடிமிஸில் இணைக்கும் வேலையை நான் செய்வதில்லை."

அந்தப் பதிலோடு அவர்கள் எழுந்து வந்ததை நான் இன்றும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

காரணம் இது. வாசக்டமிக்குப் பிறகும் விதை (விரை) விந்தணுவை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. வெளியே போக வழியில்லை. அழுத்தம் பின்னோக்கி ஏறுகிறது. விதையின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும் எபிடிடிமிஸ் என்பது பல மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழல், சுருண்டு சுருண்டு சில சென்டிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. வருடங்கள் போகப் போக அந்த மெல்லிய குழல் எங்காவது ஓரிடத்தில் வெடித்துக் கசிந்து, தழும்பாகி அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அப்போது கீழே இரண்டாவது அடைப்பு. மேலே வாசக்டமி செய்த இடத்தை எத்தனை அழகாகச் சேர்த்தாலும் விந்தணு அந்த இடத்துக்கே வந்து சேராது. அடைப்புக்கு முந்தைய இடத்தில் சுருள்குழலைத் திறந்து விந்துக்குழாயை நேரடியாக அதில் இணைக்க வேண்டும். இதற்குப் பெயர் வாசோஎபிடிடிமாஸ்டமி. சுருள்குழலின் உள்துளை 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். நுண்ணறுவையில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று என்று மருத்துவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இதில் எது தேவைப்படும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல ஸ்கேன் எதுவும் கிடையாது. மேசையில் குழாயை வெட்டி, விதைப்பக்க முனையிலிருந்து வரும் திரவத்தை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பக்கத்திலேயே ஒரு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விந்தணு முழுதாகத் தெரிந்தாலும், தலைகள் மட்டும் தெரிந்தாலும் குழாயோடு குழாய் சேர்க்கலாம். விந்தணு தெரியாவிட்டாலும் திரவம் தெளிவாக, தாராளமாக வந்தால் பல மருத்துவர்கள் அப்போதும் குழாயோடு குழாய்தான் சேர்ப்பார்கள். விந்தணு இல்லாமல் பற்பசைபோலக் கெட்டியாக வந்தால் எபிடிடிமிஸுக்குப் போக வேண்டும். நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போது சில நிமிடங்களில் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்தச் சில நிமிடங்களில் இரண்டு வழியும் கைவசம் இருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. ஒரே வழி தெரிந்தவருக்கு அங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை.

"இரண்டாவது அறுவையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே 1991 ஆய்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்று மறுபடி வந்தவர்களுக்கு விந்தணு திரும்பியது 75 சதவீதம், கருத்தரிப்பு 43 சதவீதம். முதல்முறை வந்தவர்களின் மொத்தக் கணக்கு 86, 52. தழும்பு கூடுகிறது, குழாயின் நீளம் குறைகிறது. அதற்குள் மனைவியின் வயதும் ஒன்றிரண்டு கூடிவிடுகிறது. இந்தக் கடைசி இழப்பைப் பற்றி ஆண்கள் அதிகம் யோசிப்பதில்லை.

மூன்றாவது மருத்துவர்

இவரிடம் நேரம் வாங்கியபோதே, மனைவியும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆண் இனப்பெருக்க மருத்துவத்திலும் நுண்ணறுவையிலும் தனியாகப் பயிற்சி எடுத்த பெண் மருத்துவர். முதல் இருவர் அளவுக்கு வெளியே பேர் இல்லை.

அவர் முதலில் பேசியது மனைவியிடம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முன்பு ஏதாவது அறுவை நடந்திருக்கிறதா என்று கேட்டார். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் பரிசோதனையும் கருக்குழாய் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். "இவை வராமல் இவருக்கு நான் தேதி கொடுக்க மாட்டேன்," என்றார். கணவர் சற்று அதிர்ந்தார், அறுவை தனக்குத்தானே என்று. ஆனால் மீள்இணைப்பு செய்துகொண்ட பின் குழந்தை பிறக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் பெண்ணின் வயதுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மனைவிக்குக் கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தால் கணவரின் குழாயைத் திறந்து என்ன பயன்?

அப்புறம் கணவரைப் பரிசோதித்தார். முதல் இரண்டு இடத்திலும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் அவர் சொன்னார். விதைகளின் அளவும் கெட்டியும், எபிடிடிமிஸ் புடைத்திருக்கிறதா, வெட்டிய இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று கையாலேயே பார்த்தார். இடப்பக்கம் வெட்டிய முனையில் பட்டாணிபோல ஒரு சிறு முடிச்சு தட்டுப்பட்டது. விந்தணு கசிந்து உண்டாகும் கட்டி அது. பார்க்க வேண்டாததுபோல இருந்தாலும் நல்ல அறிகுறி, ஏனென்றால் அழுத்தம் அங்கேயே கொஞ்சம் வடிந்திருக்கிறது, கீழே எபிடிடிமிஸ் பிழைத்திருக்கக்கூடும். வலப்பக்கம் அப்படி எதுவும் இல்லை. சிறுவயதில் குடலிறக்க அறுவை நடந்ததா என்றும் கேட்டார், அதில் கவட்டுப் பகுதியில் குழாய் சேதமாகியிருக்கலாம் என்பதால். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி எதுவும் போட்டதுண்டா என்று கேட்டபோது கணவர் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகும். அதை நிறுத்தி உற்பத்தி திரும்பாமல் அறுவை செய்தால் மேசையில் பார்ப்பதெல்லாம் தவறாகிவிடும்.

மனைவி தன் பட்டியலை எடுத்தார். விந்தணு இல்லையென்றால்? "அங்கேயே எபிடிடிமிஸில் இணைப்பேன். அதற்கும் சேர்த்தே சம்மதம் வாங்குவேன், நேரமும் அதற்கேற்ப ஒதுக்கிவைப்பேன்." திரவத்தை யார் பார்ப்பார்கள்? "அறையிலேயே மைக்ரோஸ்கோப் இருக்கும், நானும் பார்ப்பேன்." தையல் நீங்களே போடுவீர்களா, பயிற்சியில் இருப்பவரா? "இரண்டு பக்கமும் நான்தான். உதவிக்கு ஒருவர் இருப்பார்." வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எபிடிடிமிஸ் வேலை எத்தனை, எத்தனை பேர் பரிசோதனைக்குத் திரும்பி வந்தார்கள்? ஒரு கோப்பை எடுத்து எண்களைக் காட்டினார். வராதவர்களையும் தனியாக எழுதி வைத்திருந்தார். சதவீதத்தைவிட அந்த "வரவில்லை" என்ற பத்தியைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அறுவையே இல்லாத வழியையும் அவராகவே சொன்னார். விதையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ ஊசியால் விந்தணு எடுத்து, இக்ஸி முறையில் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கலாம். மனைவிக்கு 40ஐ நெருங்கியிருந்தாலோ முட்டை இருப்பு குறைவாக இருந்தாலோ அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன் என்றார். மீள்இணைப்பு செய்தால் இயல்பாகக் கருத்தரிக்க மாதாமாதம் வாய்ப்பு, ஒன்றுக்கு மேல் குழந்தைக்கும் வாய்ப்பு. ஆனால் காத்திருக்க வேண்டும். இக்ஸியில் காத்திருப்பு குறைவு. ஆனால் ஊசி, மருந்து, முட்டை எடுப்பு என்று உடல் பாரம் பெரும்பாலும் பெண் மேல் விழுகிறது. அறுவை செய்பவர் அறுவை வேண்டாம் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பத்தையும் வாய்விட்டுச் சொன்னால் அவரை நம்பலாம் என்பது என் கருத்து.

மனைவியின் பரிசோதனைகள் நன்றாகவே வந்தன. தேதி குறித்தார்கள்.

மேசையில்

முழு மயக்கம். இருபக்கமும் சிறிய கீறல். இடப்பக்கக் குழாயைத் திறந்ததும் கலங்கலான திரவம் வந்தது. தகட்டில் வாலோடு கூடிய முழு விந்தணுக்கள் தெரிந்தன, அசைவில்லை. அது போதும். உள்ளடுக்குக்கு 10-0, வெளியடுக்குக்கு 9-0 நூல் வைத்துக் குழாயோடு குழாயைச் சேர்த்தார்.

வலப்பக்கம் வெள்ளையாகக் கெட்டியாகப் பிதுங்கி வந்தது. தகட்டில் ஒன்றுமே இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தார், இல்லை. எபிடிடிமிஸைத் திறந்து, அடைப்புக்கு முந்தைய பகுதியில் புடைத்திருந்த ஒரு சுருளைத் தேர்ந்து கீறினார். அந்தத் திரவத்தில் விந்தணு நகர்ந்தது. அதில் கொஞ்சத்தை உறைநிலையில் சேமிக்க அனுப்பிவிட்டு, சுருளை விந்துக்குழாயின் துளைக்குள் மடிந்து அமரும்படி இணைத்தார். எல்லாம் முடிய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதல் மருத்துவரிடம் போயிருந்தால் எல்லாமே வீணாகியிருக்கும் என்று சொல்வது நியாயமாகாது. இடப்பக்கம் அவர் கையிலும் திறந்திருக்கலாம், ஒரு பக்கம் திறந்தாலே குழந்தை பிறந்தவர்கள் நிறைய உண்டு. வலப்பக்கம் நிச்சயம் வீண். திரவத்தைப் பார்க்காமல் குழாயோடு குழாயைச் சேர்த்திருப்பார், வெளியே பார்க்க அருமையான தையலாக இருந்திருக்கும். கூடவே சேமிக்கப்பட்ட விந்தணுவும் இருந்திருக்காது.

அறுவைக்குப் பின்

சில வாரம் இறுக்கமான உள்ளாடை, மூன்று நான்கு வாரம் கனம் தூக்கக் கூடாது, உறவும் கூடாது. கணவர் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அசையாத விந்தணுக்கள். அன்று இரவு அவர் தூங்கவில்லை என்று மனைவி சொன்னார். இதைப் பலர் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஒடிந்துபோகிறார்கள். ஒரு விந்தணு விதையில் உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. குழாயில் தேங்கிக் கிடந்த பழையது முதலில் வெளியேறும். எபிடிடிமிஸில் இணைத்த பக்கம் வேலை செய்யத் தொடங்க ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். இதையெல்லாம் அறுவைக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தும் அந்த இரவு கடினமாகத்தான் இருந்திருக்கிறது.

மூன்றாம் மாதம் நகரும் விந்தணுக்கள் வந்தன, எண்ணிக்கை குறைவு. அன்றே அதில் ஒரு பகுதியையும் உறையவைத்துச் சேமிக்கச் சொன்னார் மருத்துவர். திறந்த குழாய் பிறகு தழும்பால் மறுபடி அடைத்துக்கொள்வதும் நடப்பதுண்டு, எபிடிடிமிஸ் இணைப்பில் இது இன்னும் அதிகம். ஆறாம் மாதம் எண்ணிக்கையும் அசைவும் நன்றாகக் கூடின. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பரிசோதனையை வைத்துச் சொல்ல முடியாது.

ஒன்பதாம் மாதம் நான் கடைசியாகப் பார்த்தபோது இன்னும் கருத்தரிக்கவில்லை. வாசக்டமி செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருப்பதுண்டு. அதனால் தாமதமாகுமோ என்று கணவர் கேட்டார். அது இருந்தும் கருத்தரித்தவர்கள் ஏராளம், இப்போதைக்கு அதைத் தேட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மனைவி தன் நோட்டில் ஒரு தேதி எழுதி வைத்திருக்கிறார். 36 வயது முடியும் நாள். அதுவரை இயல்பாக முயல்வது, அதற்குப் பிறகு உறையவைத்த விந்தணுவோடு இக்ஸிக்குப் போவது. மூன்றாம் மாதச் சேமிப்பின் ரசீதும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது.